இரைச்சல் என்று நான் சொன்ன பெயர்

செத்துப்போன ஒரு குழந்தையின் பெயரை நான் அழித்தேன். தெரியாமல் செய்த பிழை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பெயரைத் தெளிவாகக் காதில் வாங்கினேன். அது யாருடைய பெயர் என்பதும் தெரியும். தெரிந்தே, "அது வெறும் இரைச்சல், சுத்தம் பண்ணிவிடுங்கள்" என்று தொலைபேசியில் சொன்னேன். சொல்லிவிட்டுத் தேநீர் குடித்தேன்.

தேநீர் நன்றாகவே இருந்தது.

இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன்? 'பெரியவர் இன்னும் சாகவில்லை' என்ற அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பார்க்காவிட்டாலும் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். துடைத்துப் புதுப்பித்து வெளியிட்ட அதன் டிவிடி உங்கள் வீட்டு அலமாரியில், விருந்தாளியின் கண்ணில் படுகிற உயரத்தில் இருக்கிறது. நாலு பேர் கூடினால் ஒப்பாரிக் காட்சியை மட்டும் ஓட்டிக் காட்டுகிறீர்கள். சிரிக்கிறீர்கள். உங்களைச் சிரிக்கவைத்தே இருபது வருடம் பத்திரிகையில் பெயர் வாங்கியவன் நான். உங்கள் சிரிப்பை நன்றாக அறிவேன்... அதன்மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. என்மேல் அதைவிடக் குறைவு.

நான் குன்னூர்க்காரன். நகைச்சுவை எழுத்தாளன் என்பது என் பெயருக்குப் பின்னால் பத்திரிகைக்காரர்கள் போட்ட வால். உண்மையில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கிளார்க். பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்து, பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று சிறு விவசாயிகள் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்ட காலம் அது. இடுப்புயரச் செடிகள் கேட்பாரில்லாமல் மரமாக வளரத் தொடங்கின. தேயிலை உண்மையில் ஒரு மரம் என்பதே எங்கள் ஊரில் பலருக்கு அப்போதுதான் தெரிந்தது! இதை வைத்தும் ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதினேன். நல்ல வரவேற்பு. தோட்டம் வைத்திருந்தவர்கள் யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

பிறகு எங்கள் ஃபேக்டரியின் புகைபோக்கியும் ஓய்ந்தது. முதலாளி எங்களைக் கூப்பிட்டு நிறுத்தி, "ஏனுங்க, ஒரு மூணு மாசம் லீவுன்னு நெனச்சுக்குங்க. அப்பறம் பாக்கலாமுங்க" என்றார். அந்த மூன்று மாதம் இன்றுவரை முடியவில்லை. என் மனைவி பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்பதால் அடுப்பு எரிந்தது. நான் வீட்டில் உட்கார்ந்து, எனக்கு எவ்வளவு தெரியும் என்பது உலகத்துக்குத் தெரியவில்லையே என்று வருந்திக்கொண்டிருந்தேன். வேலை போன படித்தவனைப் போல் அபாயமான பிராணி வேறில்லை.

அந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து மோகன் பேசினார். பழைய படங்களைப் புதுப்பித்து டிவிடியாகப் போடும் ஒரு கம்பெனியில் ஒலிப் பொறுப்பு அவருடையது. படம் எங்கள் மலையில் எடுக்கப்பட்டது. இயக்குநர் செத்துப்போயிருந்தார். படத்தில் செத்தவர்களாக நடித்தவர்களும், அழுதவர்களாக நடித்தவர்களும், அநேகமாக எல்லாரும் நிஜமாகவே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். டிவிடியோடு வரும் சிறு புத்தகத்துக்கு மலையைத் தெரிந்த, கொஞ்சம் எழுதத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. நான் கொஞ்சம் யோசிப்பவன்போல நடித்துவிட்டு ஒப்புக்கொண்டேன்.

கதை உங்களுக்குத் தெரியும். ஒரு பணக்கார எஸ்டேட் முதலாளி இரண்டு முறை செத்து, இரண்டு முறையும் பாதிச் சடங்கில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். மூன்றாம் முறை உறவினர்களுக்கு அழுகை வரவில்லை. தோட்டத்துப் பெண்களை வரவழைத்து அழச் சொல்கிறார்கள். ஒருத்தி தலைமாட்டில் உட்கார்ந்து நெஞ்சு வெடிக்க ஒப்பாரி வைக்கிறாள். பிணம் ஒற்றைக் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து, திருப்தியோடு மூடிக்கொள்கிறது. கொட்டகை அதிரும் இடம் அதுதான்.

அந்தச் சுருளில்தான் சிக்கல். படத்தில் பூஞ்சை, ஒலியில் எண்ணெய் கொதிக்கிற சத்தம். பூஞ்சையைத் துடைத்துவிட்டார்கள். அந்தப் பெண்ணின் கன்னத்துக் கண்ணீர்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. ஆனால் என்ன சொல்லி அழுகிறாள் என்பது கேட்கவில்லை. வார்த்தைகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் வேறு குரலில் பதிந்து சேர்த்துவிடலாம் என்றார் மோகன்.

அவள் முகத்தின் படத்தோடு, படம் எடுக்கப்பட்ட குந்தாப் பக்கம் அலைந்தேன். அலைந்தேன் என்பது புத்தகத்தில் எழுதியது. உண்மையில் மஞ்சூரில் இறங்கியதும் முதல் டீக்கடையிலேயே விஷயம் முடிந்துவிட்டது. கடைக்காரர் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நம்ம சிவனம்மா அல்லங்களா இது" என்றார். சிலோனிலிருந்து வந்தவள், அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவள், சுற்று வட்டாரத்தில் எழவு விழுந்தால் ஒப்பாரிக்கு முதலில் கூப்பிடுவது அவளைத்தான் என்றும் சொன்னார். வழியும் காட்டினார்.

தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தாள். அறுபது தாண்டியிருக்கும். நான் ஃபேக்டரி கிளார்க் என்றதும் எழுந்து நின்றுவிட்டாள். சிலோன் தோட்டத்துப் பழக்கம். உட்கார வைப்பதற்குப் பெரும்பாடு பட்டேன். அதன்பிறகு கடைசிவரை எனக்கு "கிளாக்கரய்யா" என்ற பட்டம்தான்.

படப்பிடிப்பு அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இந்தியாவுக்கு வந்த புதிது. கங்காணி வந்து, துரை பங்களாவில் சினிமாக்காரர்களுக்கு அழ ஆள் வேண்டும் என்று நாலு பெண்களைக் கூட்டிப்போயிருக்கிறான். யாராவது வார்த்தை சொல்லிக்கொடுத்தார்களா என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் அவுங்கவுங்க செத்தவங்களத்தானே அழுவாங்க, கிளாக்கரய்யா? அந்தக் கெழவன நான் எங்க கண்டேன்?"

அவள் அழுதது தன் மகளுக்காக. கப்பலில் வந்து இறங்கி மண்டபம் முகாமில் காத்திருந்தபோது மூன்று வயதுக் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. முகாமுக்குப் பின்னால் மணலில் புதைத்தார்கள். மறுநாளே மலைக்கு ரயிலேற்றிவிட்டார்கள். குடும்ப அட்டையில் இருந்த குழந்தையின் பெயரை ஓர் ஆபீசர் கோடு போட்டு அடித்தார். போட்டோ கிடையாது. புதைத்த இடம் தெரியாது. புருஷனும் பத்து வருடத்துக்கு முன் போய்விட்டான். அவளைத் தவிர அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட ஆட்கள் யாரும் இப்போது இல்லை.

நான் டேப் ரிக்கார்டரை வைத்தேன். பீன்ஸைக் கீழே வைக்காமலே, ஏற்ற இறக்கமில்லாமல், அந்த ஒப்பாரி முழுவதையும் பாடிக்கொடுத்தாள். நாலு வரிக்கு ஒருமுறை மகளின் பெயர் வந்தது.

படத்தை அவள் பார்த்ததே இல்லை. ஊட்டியில் ஓடியபோது போக முடியவில்லையாம். அது சிரிப்புப் படம் என்பதும் அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. கிளம்பும்போது வழியை மறித்து நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பொட்டிக்குள்ள போட்டு வச்சா அழியாதுன்னு அன்னிக்கு அந்த டைரக்டரய்யா சொன்னாரு. எம் புள்ள பேரு அதுல இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க, கிளாக்கரய்யா. வேற ஒண்ணும் வேணாம்."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

குன்னூருக்கு வந்து டேப்பைப் போட்டுக் கேட்டேன். இரண்டு முறை கேட்டேன். எழுத்தாளன் அல்லவா... மூன்றாம் முறை கேட்கும்போது குறை தென்பட ஆரம்பித்துவிட்டது! வரிகள் சாதாரணம். உவமை பழையது. எல்லாவற்றுக்கும் மேல், சிரிப்பு இல்லை. பிணம் கண்ணைத் திறக்கிற நேரத்தில் ஒரு தாய் செத்த குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யார் சிரிப்பார்கள்? முப்பது வருடமாகக் கொட்டகைகள் சிரித்தது அந்தச் சுருளின் ஒலி என்றைக்குமே தெளிவாக இல்லாததால்தானோ என்னவோ.

குளியலறையில் சுடுதண்ணீருக்குக் காத்திருந்தபோது எனக்கு வரிகள் உதித்தன.

"பெட்டிச்சாவி எங்க வச்ச ராசாவே... சொல்லிப்பிட்டுச் செத்திருந்தா ஆகாதோ ராசாவே..."

இப்படிப் பன்னிரண்டு வரி. ஈரத் துண்டோடு வந்து எழுதினேன். நானே சிரித்துக்கொண்டேன். சிவனம்மா மகளின் பெயரைச் சொல்லும் இடங்களில் திரையில் அவள் முந்தானை வாயை மறைத்திருந்தது, உதடு தெரியாது, எந்த வார்த்தையும் பொருந்தும். என் அதிர்ஷ்டத்தை நானே மெச்சிக்கொண்டேன். இதுதான் அசல் ஒப்பாரி என்று எழுதி, மெட்டை மட்டும் நானே முனகி வேறொரு டேப்பில் பதிந்து, சென்னைக்கு அனுப்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்து மோகன் கூப்பிட்டார். புதிய கருவி ஏதோ வந்திருக்கிறதாம். அதில் போட்டதில் அந்தச் சுருளில் ஒரு மூன்று வினாடி மட்டும் மீண்டிருக்கிறது. குரலில் ஒரு தயக்கம்.

"சார், ஒரு வார்த்தை கேக்குது. பேரு மாதிரி இருக்கு. நீங்க குடுத்த வரியில அது இல்லையே. கேளுங்க."

தொலைபேசி வழியாக ஓட்டிக் காட்டினார். எண்ணெய் கொதிக்கிற சத்தம். அதற்கு நடுவே, முப்பது வருடத்துக்கு முந்தைய ஓர் இளம் தாயின் குரல். அந்தப் பெயர்... ஒரே ஒரு முறை. அவ்வளவு தெளிவாக நான் எதையும் கேட்டதில்லை.

பார்த்துச் சொல்லும்படி அவள் என்னைக் கேட்டாளே, அதற்குப் பதில் அங்கே இருந்தது! எனக்கு மட்டும் புரியும்படி வந்து விழுந்தது!

"வச்சுக்கலாமா, சார்? அசல் குரல். மத்ததப் புதுசாப் போட்டுட்டு இத மட்டும் விட்டுடலாம்."

பாருங்கள்... அவர் கேட்டார். நல்ல மனிதர். அவர்மேல் ஒரு துளிப் பழியையாவது போடலாமா என்று எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். முடியவில்லை.

நான் யோசித்தது என்ன தெரியுமா? அந்தப் பெயர் உள்ளே நின்றால் என் பன்னிரண்டு வரி செத்துப்போகும் என்பதைத்தான். அது பெயரே இல்லை, விக்கல், வெறும் இரைச்சல் என்றேன். குந்தாவில் போய் விசாரித்து வந்தவன் அடித்துச் சொன்னால் சென்னையில் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வார்? சரி சார் என்றார். மண்டபத்து ஆபீசராவது சட்டப்படி கோடு போட்டார். எனக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

டிவிடி வந்தது. வாய் வலிக்கப் பாராட்டினீர்கள். அந்த ஒப்பாரியில் மண்ணின் மணம் வீசுகிறது என்று ஒரு விமர்சகர் எழுதினார். உழைக்கும் மக்களின் கசப்பான எள்ளல் அதில் வெளிப்படுகிறது என்று இன்னொருவர் எட்டுப் பக்கம் எழுதினார். மண்ணாவது, மணமாவது! என் குளியலறையில் சோப்பு மணம்தான் இருந்தது. ஊட்டியில் திரைப்படச் சங்கம் ஒரு மாலைக் காட்சி வைத்து எனக்குச் சால்வை போர்த்தியது. குளிருக்கு இதமாக இருந்தது என்று ஏற்புரையில் சொன்னேன். அதற்கும் சிரித்தீர்கள்.

ஒரே ஒரு ஆள்தான் சரியாகக் கேட்டது. என் மனைவி. வீட்டில் போட்டுக் காட்டியபோது, "ஏனுங்க, இந்த எடம் மட்டும் உங்க எழுத்தாட்டமே இருக்குதே" என்றாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். பரீட்சைத் தாள் திருத்துகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

சிவனம்மாவிடம் போகவில்லை. போய்ச் சொல்வதாகச் சொன்ன ஒன்றைச் சொல்லவில்லை. மழை என்று ஒரு மாதம், மண்சரிவு என்று ஒரு மாதம். மலையில் இருப்பவனுக்குப் போகாமலிருக்கக் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை.

அவளே வந்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை. மனைவி சந்தைக்குப் போயிருந்தாள். மஞ்சூரிலிருந்து பஸ் ஏறி, குன்னூரில் இறங்கி, விசாரித்து, மேடேறி வந்திருந்தாள். கையில் ஒரு பை நிறைய பீன்ஸ். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. தோட்டத்துச் சங்கத் தலைவர் வீட்டில் அந்தப் படத்தைப் போட்டார்களாம். இவளைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்தார்களாம். தன் சின்ன வயது முகத்தைப் பார்த்ததும் அடையாளமே தெரியவில்லை என்று சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள் என்றும் சொன்னாள். அதைக் குறையாகச் சொல்லவில்லை.

எனக்குள் ஒருவன் தயாராகிக்கொண்டிருந்தான். இதோ கேட்கப்போகிறாள்... கேட்டதும் சொல்லிவிடவேண்டும்... காலிலும் விழுந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். காலில் விழுவது எப்படி இருக்கும் என்று மனத்துக்குள் ஓர் ஒத்திகையும் நடந்தது. எழுதினால் நன்றாக வரும் என்றும் தோன்றியது. அப்படிப்பட்ட பிறவி நான்.

அவள் கேட்கவில்லை.

"மூணு தரம் போடச் சொல்லிக் கேட்டேன், கிளாக்கரய்யா. புள்ள பேர நான் சொல்லவே இல்ல. சாவியக் கேட்டு அழுதிருக்கேன்."

நான் நாற்காலியை மறுபடியும் அவள் பக்கம் நகர்த்தினேன்.

"எங்கொரலு இப்பிடியா இருந்துச்சுன்னு எனக்கே தெரியல. யாரு தன் கொரலக் கேட்டிருக்கா? இத்தன வருசமா சொன்னேன் சொன்னேன்னு நெனச்சுக்கிட்டே இருந்துட்டேன். புள்ள செத்து அஞ்சு மாசந்தான் அப்ப. அதுக்குள்ள சாவியக் கேட்டிருக்கேன் பாருங்க."

இப்போதாவது சொல்லியிருக்கலாம்! 'அது உன் குரலே இல்லை அம்மா. நீ சொன்னாய். நான் காதால் கேட்டேன்.' இவ்வளவுதான். இவ்வளவே போதும். ஒரு மூச்சில் முடிகிற வாக்கியம். மோகன் வேறு குரலில் பதிந்தார் என்ற ஒன்றைச் சொன்னால்கூடப் பாதிப் பாரம் அவளைவிட்டு இறங்கியிருக்கும்.

நான் சொன்னது வேறு. படப்பிடிப்பு அவசரத்தில் யாராவது வார்த்தை சொல்லிக்கொடுத்திருப்பார்கள், உங்களுக்கு மறந்திருக்கும், எத்தனை வருடம் ஆகிவிட்டது என்றேன். அக்கறையான குரலில் சொன்னேன். அவள் தலையை ஆட்டி அதை ஏற்றுக்கொண்டாள். கிளாக்கரய்யா படித்தவர் ஆயிற்றே.

பிறகு பையை வாசலில் வைத்துவிட்டு, எதற்காக அவ்வளவு தூரம் வந்தாளோ அதைச் சொன்னாள்.

"அன்னிக்கு ஒங்ககிட்டத் தப்பாப் பாடிக் குடுத்துட்டேன். நீங்க நம்பி டேப்புல புடிச்சுக்கிட்டுப் போனீங்க. மன்னிச்சுக்கங்க."

நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்?

"பரவாயில்லைம்மா" என்றேன்.

ஆமாம்... நான் அவளை மன்னித்தேன்! என்னிடம் மன்னிப்புக் கேட்க மலை ஏறி இறங்கி வந்தவளைப் பெரிய மனதோடு மன்னித்து, கேட் வரை கூடப்போய் வழியனுப்பிவிட்டு வந்தேன். சந்தையிலிருந்து திரும்பிய மனைவி, பீன்ஸ் ஏது என்று கேட்டாள். வாங்கினேன் என்றேன். அன்று அதைத்தான் பொரியல் செய்தோம்.

இது நடந்து மூன்று மழைக்காலம் போய்விட்டது. தேயிலை விலை இன்னும் எழவில்லை. என் எழுத்துக்கும் எந்தக் குறையும் வரவில்லை; மனசாட்சி உறுத்தினால் எழுத்து நின்றுவிடும் என்பதெல்லாம் எழுதாதவர்கள் கட்டிவிட்ட கதை. போன மாதம் மஞ்சூர் டீக்கடைக்காரரை ஊட்டியில் பார்த்தேன். சிவனம்மா நலமா என்று கேட்டேன். நலம்தான் என்றார். ஆனால் எழவு வீடுகளுக்கு வந்தாலும் ஓரமாக உட்கார்ந்து எழுந்து போய்விடுகிறாளாம். வாயைத் திறப்பதே இல்லையாம். "கேட்டா, எனக்கு அழுவத் தெரியாதுங்குதுங்க" என்றார். அவருக்கு அது ஒரு வேடிக்கையாக இருந்தது.

மோகனிடம் அந்த மூன்று வினாடி இன்னும் இருக்கக்கூடும். இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எதற்கு என்பார்.

அந்தப் பெயரை இங்கே எழுதுவேன் என்று கடைசிவரை காத்திருந்திருப்பீர்கள். எழுதினால் கண்கலங்குவீர்கள் என்பது எனக்குத் தெரியும். எந்த இடத்தில் வைத்தால் அதிகம் கலங்குவீர்கள் என்பதும் தெரியும். அதனாலேயே எழுத மாட்டேன். உங்களிடம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியவள் உயிரோடு இருக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

இன்று காலையில் பஸ் ஸ்டாண்டு வரை போனேன். மஞ்சூர் பஸ் நின்றிருந்தது. ஜன்னலோரத்தில் இடம்கூட இருந்தது... கண்டக்டர் என்னைப் பார்த்து, "ஏறுறீங்களா?" என்றார். யாரையோ தேடி வந்தவன்போல் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பி வந்து, இதை எழுத உட்கார்ந்தேன்.